குளிருக்கு விறகடுப்பு வாங்குமுன் அளக்க வேண்டியவை

கடையில் ஓர் அடுப்பைப் பார்த்துப் பிடித்துப்போய், பிறகு வீட்டில் அதற்கு இடம் தேடுவதுதான் பலரும் செய்வது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் அறை, அடுத்து புகைபோக்கி, பிறகு கிடைக்கும் விறகு. மாடலும் நிறமும் கடைசியில்.

அறையின் நீள, அகல, உயரத்தை மீட்டரில் அளந்து பெருக்குங்கள். வெப்பக்காப்பு சுமாராக உள்ள வீடென்றால் அதை 15ஆல் வகுங்கள். அடுப்பு தர வேண்டிய வெப்பம் கிலோவாட்டில் தோராயமாகக் கிடைத்துவிடும். ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று புகும் பழைய வீட்டுக்கு 10ஆல் வகுக்க வேண்டும், கூரையும் சுவரும் நன்றாகக் காப்பிட்ட வீட்டுக்கு 25ஆல். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் உள்ள அறை 48 கன மீட்டர். சுமாரான வீட்டில் 3.2 கிலோவாட், பழைய வீட்டில் 4.8. ஆக, இந்த அறைக்கு 4 அல்லது 5 கிலோவாட் அடுப்பே தாராளம்.

“எதற்கும் இருக்கட்டும்” என்று 8 கிலோவாட் வாங்குவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அரை மணி நேரத்தில் அறை புழுங்கும். உடனே காற்றுத் திறப்பை மூடுவீர்கள். காற்று குறைந்தால் சுவாலை அடங்கி, கட்டை எரியாமல் புகையத் தொடங்கும். எரியாத அந்தப் புகை புகைபோக்கியின் குளிர்ந்த உட்சுவரில் தாராகப் படியும், அடுப்பின் கண்ணாடியும் கறுக்கும். தார் தடித்த பிறகு ஒரு நாள் நெருப்பு நன்றாக மூண்டால், புகைபோக்கியே உள்ளுக்குள் தீப்பிடிக்கும். சிறிய அடுப்பைச் சுவாலையோடு எரிப்பதுதான் சிக்கனம், பாதுகாப்பும் அதுவே. இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் சிறியதையே எடுங்கள். அடுப்பின் விவர அட்டவணையில் உள்ள ‘அதிகபட்ச’ எண்ணைப் பார்க்காதீர்கள். வழக்கமாக எரியும்போது தரும் வெப்பத்துக்கு ஒரு தனி எண் இருக்கும், கணக்கில் வந்ததை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

சிறிய அடுப்பில் ஒரு சங்கடம் உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டை போட வேண்டும், விடியும்வரை கனன்றுகொண்டிருக்காது. நெருப்பு அணைந்த பிறகும் சூடு வேண்டுமென்றால் மாக்கல் பதித்த அடுப்பைப் பாருங்கள். சூடேறப் பொழுதாகும், ஆனால் பல மணி நேரம் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். எஃகு சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும். வார்ப்பிரும்பு இரண்டுக்கும் நடுவே.

புகைபோக்கி

அடுப்பை இயக்குவது, புகையை மேலே இழுக்கும் புகைபோக்கியின் இழுவைதான். அடுப்பின் புகைவாய் 150 மி.மீ. என்றால் குழாய் எங்கேயும் அதைவிடக் குறுகக் கூடாது. அடுப்புக்கு மேல் 4.5 மீட்டர் உயரமாவது வேண்டும். வளைவு தவிர்க்க முடியாததானால் 45 பாகைக்கு மேல் வளைக்காதீர்கள். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் உள்ள கூரைப்பகுதி எதுவானாலும் அதைவிட 2 அடி மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் காற்றடிக்கும்போது புகை வீட்டுக்குள் திரும்பும். பழைய, அகலமான செங்கல் புகைபோக்கிக்குள் எவர்சில்வர் உட்குழாய் இறக்குவது அவசியம், அகன்ற இடத்தில் புகை ஆறி மெதுவாகிவிடும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் அடுப்புப் புகையை உள்ளே இழுக்கக்கூடும். காற்றுப் புகாத வீடானால், வெளிக்காற்றைக் குழாய் வழியாக நேராக எடுக்கும் மாடலே சரி.

விறகு

எவ்வளவு நல்ல அடுப்பும் ஈர விறகில் தோற்றுவிடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டையின் வெளிப்புறத்தில் ஈரமானியைக் குத்தினால் ஏமாந்துபோவீர்கள். அப்போதே பிளந்து, உள்முகத்தின் நடுவில் குத்துங்கள். ஈரமானி இல்லையா? இரண்டு கட்டைகளை மோதிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது சத்தம் அடங்கிப்போகும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. எடையில் பாதி தண்ணீராக உள்ள பச்சை விறகில் 2தான் தேறும், பாதி எடை எரியாத தண்ணீர், அதை ஆவியாக்கவும் கொஞ்சம் வெப்பம் போகிறது.

75 சதவீதத் திறனுள்ள 4 கிலோவாட் அடுப்பு மணிக்கு 1.3 கிலோ விறகு தின்னும். அதை ஒரு நாளில் எரிக்கும் மணி நேரத்தாலும் உங்கள் குளிர்காலத்தின் நாட்களாலும் பெருக்கிப் பாருங்கள், விறகு அடுக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியும். மென்மரம் காய ஒரு வருடம், ஓக் போன்ற கெட்டி மரத்துக்கு இரண்டு. அடுப்பின் உள்நீளத்தைவிட 5 செ.மீ. குட்டையாக வெட்டிய கட்டை எளிதில் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

கடையில்

மேற்புறம் சூடான காற்று நுழைந்து புகையையும் எரிக்கும் இரண்டாம் காற்று அமைப்பு இல்லாத அடுப்பை வாங்கவே வேண்டாம். புகையைக் குறைந்த சூட்டிலேயே எரியவைக்கும் வினையூக்கி வைத்த அடுப்பு இன்னும் மெதுவாக, சீராக எரியும். ஆனால் வினையூக்கி சுமார் 260 பாகை செல்சியஸ் எட்டிய பிறகே வேலை செய்யும். பெயின்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக் குப்பை போட்டால் கெட்டுவிடும். அவ்வளவு கவனத்தோடு எரிக்க முடியாதவர்களுக்கு வினையூக்கி இல்லாததே மேல்.

ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் கயிற்றுச் சீல் பிடிக்கவில்லை. கதவின் நான்கு பக்கமும் இப்படிச் சோதியுங்கள். உட்செங்கல், மேல்தடுப்புத் தகடு, சீல் மூன்றும் தேயும் பாகங்கள். தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

கையேடு வேறு அளவு சொல்லாவிட்டால், எரியக்கூடிய சுவரிலிருந்து அடுப்பு 90 செ.மீ., ஒற்றைச்சுவர்ப் புகைக்குழாய் 45 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். அடியில் எரியாத தளம், அது கதவுக்கு முன்னால் 45 செ.மீ. நீண்டிருக்கட்டும். மாக்கல் அடுப்பு 200 கிலோவையும் தாண்டலாம், மரத்தளம் தாங்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் அதே பில்லில் சேர்த்து வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று முறை சிறு நெருப்பாக மட்டும் மூட்டி, ஜன்னலைத் திறந்து வையுங்கள்; புது பெயின்ட் சூட்டில் இறுகும்போது வரும் நெடி அதற்குள் போய்விடும்.