தலைப்பெழுத்தில் சிக்கிய கிளெப் மதிப்பெண்

கும்பகோணத்தில் இருந்தபடியே அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பட்டம் பெறுவதற்காக, வகுப்புக்குப் பதிலாகத் தேர்வெழுதி கிரெடிட் (பாடத்தை முடித்ததாகப் பட்டக் கணக்கில் சேரும் அலகு) பெறும் கிளெப் (CLEP) தேர்வுகளை எழுதி வருகிறேன். 20 முதல் 80 வரையிலான அளவுகோலில், கிரெடிட் வழங்கப் பரிந்துரைக்கப்படும் 50-ஐ உளவியல் தேர்வில் தாண்டியிருந்தும், வாரக்கணக்கில் அந்தப் பாடம் கல்லூரிப் பதிவேட்டில் ஏறவில்லை.

மதிப்பெண் போய்ச் சேரவில்லை என்று கருதி, கட்டணம் செலுத்தி மீண்டும் அனுப்பச் செய்தேன்; பயனில்லை. கல்லூரியின் குறியீட்டு எண்ணும் சரியாகவே இருந்தது. உதவி மையம் காத்திருக்கச் சொன்னதோடு சரி.

சிக்கல் தலைப்பெழுத்தில் இருந்தது. நம் பக்கத்தில் குடும்பப்பெயர் வைக்கும் வழக்கம் இல்லாததால் என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. தேர்வுப் பதிவில் இரண்டு கட்டங்களிலும் என் பெயரே இடம்பெற்றிருந்தது. கல்லூரியோ பள்ளிச் சான்றிதழைப் பார்த்து, தந்தையின் தலைப்பெழுத்தைக் குடும்பப்பெயராக ஏற்றியிருந்தது. போதாக்குறைக்கு, மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வழக்கத்தில், மார்ச் 5-ல் பிறந்த நான் அங்கே மே 3-ல் பிறந்தவனாகியிருந்தேன். பன்னிரண்டாம் தேதிக்குள் பிறந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனெனில் கணினி இதைப் பிழையாகக் காட்டாது.

இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஆங்கிலத்தில் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, பாஸ்போர்ட் நகலுடன் உதவி மையத்துக்கு அல்லாமல் நேரடியாகப் பதிவாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, கல்லூரிப் பதிவைப் பாஸ்போர்ட்டுக்கு இணங்கத் திருத்தக் கேட்டேன். திருத்தியதும், முன்பே வந்து கிடந்த மதிப்பெண் என் கணக்கில் சேர்ந்துவிட்டது. அடுத்த தேர்வின் மதிப்பெண் தானாகவே ஏறியது.