ஒரே ஒரு தளம் மட்டும் திறக்க அடம்பிடித்தால்

மற்ற தளங்களெல்லாம் ஓடுகின்றன, ஒன்று மட்டும் குரோமில் அரைகுறையாக வருகிறதா? எடுத்த எடுப்பில் ஹிஸ்டரி, குக்கீ (உங்களை நினைவில் வைக்கத் தளங்கள் குரோமில் சேமிக்கும் சிறு தகவல்) எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். எல்லாத் தளங்களிலும் லாக்-இன் போய்விடும், வீண் வேலை.

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சேமித்து வைத்த பழைய கோப்புகளை விட்டுவிட்டுப் பக்கம் புதிதாக இறங்கும். சரியாகவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் அழுத்தி இன்காக்னிட்டோ சன்னலில் திறந்து பாருங்கள். அங்கே பழைய குக்கீ இருக்காது, நீங்களாக அனுமதிக்காத எக்ஸ்டென்ஷனும் (குரோமில் கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்) ஓடாது. அதில் ஒழுங்காக வந்தால் கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

முகவரிக்கு இடப்பக்கமுள்ள சின்னத்தைத் தட்டி, அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் நீக்குங்கள். அப்படியும் மசியவில்லையா? எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். விளம்பரத் தடுப்பானிலிருந்து தொடங்குவது நல்லது. பெரும்பாலும் அதுதான் ஆள்.

பல தளங்களில் ஒரே நேரத்தில் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். தளம் உண்மையானதுதான் என்று குரோமுக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி பழைய தேதியில் நின்றால் நல்ல சான்றிதழும் செல்லாது. விண்டோஸ் டாஸ்க்பாரில் கடிகாரத்தை வலது கிளிக் செய்து நேரத்தைத் திருத்துங்கள். கணினியை அணைத்து மீண்டும் போடும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போனால், அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலான டெஸ்க்டாப்பில் அது சிஆர்2032 பட்டன் செல். தேதி சரியாக இருந்தும் அதே எச்சரிக்கை வந்தால், அதைத் தாண்டிப் போய்க் கடவுச்சொல் மட்டும் தட்டாதீர்கள்.