விளைச்சல் கூடினால் உற்பத்தித்திறன் கூடியதாகுமா? மட்டக்களப்பு, அம்பாறைக் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் எந்த அபிவிருத்தித் திட்டத்தின் அறிக்கையைப் புரட்டினாலும் "உற்பத்தித்திறன் அதிகரித்துள்ளது" என்ற வரி எங்காவது இருக்கும். அதற்குக் கீழே ஆதாரமாகத் தருவது பெரும்பாலும் வெறும் உற்பத்திக் கணக்கு: எத்தனை தொன் நெல், எத்தனை லீற்றர் பால், எத்தனை சாரம். உற்பத்தித்திறனுக்கு ஒரு வகுத்தல் கோடு வேண்டும். விளைந்தது மேலே, அதற்காகப் போட்டது கீழே. மேலே இருப்பதை எல்லோரும் கவனமாக எண்ணிவிடுகிறார்கள். கீழே இருக்கிற காணி, உழைப்பு, தண்ணீர், உரம், இயந்திரம் என்று வரும்போதுதான் பொறுமை போய்விடுகிறது. ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களும் கள அறிக்கை எழுதும் உத்தியோகத்தர்களும் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நடக்கின்றன.

மூட்டைக்குள் இருக்கும் தண்ணீர்

ஆனால் மேலே இருப்பதும் அவ்வளவு சுத்தமில்லை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதுதான் இங்கே பேச்சு. மூட்டை என்பது ஒரு சாக்கு. அதில் 65 கிலோவும் பிடிக்கும், 70ஐத் தாண்டியும் பிடிக்கும். பழைய ஆட்கள் புசலில் சொல்வார்கள், அது சுமார் 21 கிலோ. ஒரே கிராமத்தில் மூன்று பேரிடம் மூன்று விதமாகக் கேட்டு எழுதி, பிறகு எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கி ஹெக்டேர் கணக்காக்கினால் வருவது விளைச்சல் அல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல் ஈரம். கையால் வெட்டி, சூடு வைத்து, பிறகு அடித்த காலத்தில் நெல் ஓரளவு காய்ந்துதான் சாக்குக்குள் போனது. இப்போது வெட்டு மெஷின் வயலுக்குள் இறங்குகிறது, பச்சை நெல் வரம்போரத்திலேயே லொறியில் ஏறிவிடுகிறது. 22 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்த 1,000 கிலோ நெல், சேமித்து வைப்பதற்கேற்ற 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 907 கிலோதான் தேறும். அதாவது அன்றைய காய்ந்த நெல்லோடு இன்றைய ஈர நெல்லை ஒப்பிட்டு "விளைச்சல் 10 சதவீதம் கூடியது" என்று எழுதினால், அந்த 10 சதவீதம் முழுவதும் தண்ணீராகவே இருக்கலாம். எடையைக் கேட்கும்போதே ஈரத்தையும் கேளுங்கள். ஈரமானி கையில் இல்லாவிட்டால், காயவைத்து விற்றதா, வயலிலேயே விற்றதா என்றாவது ஒரு கட்டம் படிவத்தில் இருக்கட்டும்.

பரப்பிலும் இதே கதை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மொத்தப் பரப்பையும், வரம்பு வாய்க்கால் போன்றவற்றைக் கழித்த நிகரப் பரப்பையும் தனித்தனியாகத் தருகிறது. நிகர ஹெக்டேருக்கான விளைச்சலை எடுத்து மொத்தப் பரப்பால் பெருக்குகிறவர்களை இன்னும் பார்க்கலாம்.

எதால் வகுக்கிறீர்கள்?

வெட்டு மெஷினை விட்டுவிட மனமில்லை, ஏனென்றால் முழுப் பாடமும் அதற்குள் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, 5 ஏக்கர் வெட்டி அடிக்க முன்பு 60 ஆள்நாள் பிடித்தது, மெஷின் வந்த பிறகு 5 ஆள்நாள் போதும் என்று வைத்துக்கொள்வோம். அறுவடை வேலையில் ஆள்நாளுக்கான நெல் 12 மடங்காகிவிட்டது. ஏக்கருக்கான நெல் அப்படியே இருக்கிறது. மெஷின் வாடகை, டீசல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தக் காரணி உற்பத்தித்திறன், அதாவது போட்ட எல்லா உள்ளீட்டுக்கும் சேர்த்து வந்த விளைச்சல், கொஞ்சம் கூடியிருக்கலாம், கூடாமலும் இருந்திருக்கலாம். மூன்றும் உண்மை. எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் மூன்றில் அழகானதை எடுத்துப் போடுவதுதான் தவறு. மாவட்டத்தின் பார்வையில் இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த 55 ஆள்நாளும் எங்கே போனது? கட்டட வேலைக்கோ தையல் தொழிற்சாலைக்கோ போயிருந்தால் மாவட்டத்துக்கு லாபம். கூலி வெட்டு இல்லாமல் வீட்டில் இருந்தால், வயலில் கூடிய உற்பத்தித்திறன் ஊருக்குள் வந்து சேரவில்லை.

ஆளை எண்ணுவதா, மணித்தியாலத்தை எண்ணுவதா என்பதும் சின்ன விஷயமில்லை. பெரும்போகத்தில் வயல், நடுவில் வாவியில் மீன்பிடி, சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் மேசன் வேலை என்று ஓடுகிற ஒருவரைப் படிவத்தில் "விவசாயி, 1" என்று போட்டுவிடுகிறோம். வருடத்தில் சில வாரம் மட்டும் வயலில் நின்றவரை முழு வருட உழைப்பாளியாக்கினால் விவசாயத்தின் உற்பத்தித்திறன் இருப்பதைவிடக் கீழே தெரியும். மறுபக்கம் களை பிடுங்கிய மனைவி, விதைநெல் காயவைத்த தாய் ஆகியோர் கணக்கிலேயே இல்லை; அப்போது மேலே தெரியும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: சர்வதேச தொழிலாளர் அமைப்பு கூட்டும் தொழிலாளர் புள்ளிவிபரவியலாளர் மாநாடு 2013இல் வேலைக்கான வரைவிலக்கணத்தை மாற்றியது. பிரதானமாக வீட்டுத் தேவைக்கு விளைவிப்பவர் புதிய முறையில் "வேலையில் இருப்பவர்" ஆகமாட்டார். பழைய முறைத் தரவையும் புதிய முறைத் தரவையும் ஒரே வரைபில் கோடிழுத்தால், காகிதத்திலேயே ஒரு வளர்ச்சி பிறந்துவிடும்.

தண்ணீருக்கு விலையில்லை என்பதால் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உன்னிச்சைக் குளத்துப் பாய்ச்சலில் விளைந்த ஏக்கரையும் வானம் பார்த்த மானாவாரி ஏக்கரையும் ஒன்றாக்கிச் சராசரி எடுப்பது வழக்கமாகிவிட்டது. நாட்களையும் மறந்துவிடுகிறோம். பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தின் பி.ஜி. நெல்லினங்களின் எண்ணிலேயே வயது இருக்கிறது: 250 என்றால் இரண்டரை மாதம், 300 என்றால் மூன்று, 352 என்றால் மூன்றரை. குறைந்த வயது இனம் ஏக்கருக்குக் குறைவாகத் தரலாம், ஆனால் குளத்தில் தண்ணீரை மிச்சம் வைக்கும். அதைப் பின்னடைவு என்று எழுதுவதற்கு முன் ஒரு நாளுக்கு எவ்வளவு, ஒரு கனமீற்றர் தண்ணீருக்கு எவ்வளவு என்றும் போட்டுப் பாருங்கள்.

எந்த வருடத்திலிருந்து?

எங்கள் மாவட்டங்களில் "சாதாரண" வருடம் கிடைப்பது கஷ்டம். 2004 டிசம்பர் சுனாமி. 2006, 2007இல் வாகரையிலும் படுவான்கரையிலும் இடப்பெயர்வு. 2011 தொடக்கத்தில் வெள்ளம். 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை. நவம்பரில் அதைத் தளர்த்தினாலும் 2021/22 பெரும்போகத்துக்கு உரம் நேரத்துக்குக் கிடைக்கவில்லை, விளைச்சல் படுத்துவிட்டது.

இவற்றில் ஏதாவதொன்றைத் தொடக்கமாக வைத்தால் எந்தத் திட்டமும் வெற்றிதான். 2022இல் தொடங்கிய பயிற்சித் திட்டம் 2024இல் "பயனாளிகளின் விளைச்சல் கூடியது" என்று காட்டினால், பயிற்சிக்கே வராத பக்கத்து வட்டைக்காரருக்கும் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். கூடியிருக்கும், உரம் திரும்பி வந்ததே. 2007க்குப் பிந்தைய கணக்கு இன்னும் ஏமாற்றும். மீள்குடியேறியவர்கள் தரிசு நிலத்தைத் திரும்ப விதைத்ததால் நெல் உற்பத்தி ஏறியது. காணியும் ஆளும் கூடியதால் வந்த வளர்ச்சி அது. மக்களுக்கு அது பெரிய விஷயம், ஆனால் உற்பத்தித்திறன் வளர்ச்சி என்று பெயர் வைக்க முடியாது. ஒரு போகத்தோடு ஒரு போகத்தை ஒப்பிடாமல், பெரும்போகத்தைப் பெரும்போகங்களோடு, குறைந்தது மூன்று நான்கு வருடச் சராசரியாக வைத்துப் பார்ப்பது பாதுகாப்பு.

விலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த வருடத்து வருமானத்தை முந்தைய வருடத்தோடு ரூபாயில் ஒப்பிடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சரிசெய்யக் கொழும்பு வீட்டுச் செலவுச் சுட்டெண்ணையே எடுப்பதும் பிழைதான்; நெல்லுக்கு நெல்லின் வயல்வாசல் விலை, அதாவது வயலில் விவசாயி விற்கிற விலை, வேண்டும். உரமும் டீசலும் நெல்லைவிட வேகமாக ஏறிய வருடம் அது என்பதால், விளைந்ததை ஒரு விலையாலும் உள்ளீட்டை அதனதன் விலையாலும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். டொலரில் மாற்றி அறிக்கை எழுதுகிறவர்கள் கவனம்: 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு 200 அளவில் இருந்த டொலர் 360ஐ எட்டியது. ஒரு மூட்டைகூடக் குறையாமலேயே உங்கள் விவசாயி பாதியாகிப் போவார்.

மிச்சம் எல்லாம் புத்தாக்கமா?

மொத்தக் காரணி உற்பத்தித்திறனை நேரடியாக அளக்க முடியாது. வளர்ச்சியிலிருந்து உழைப்புக்கும் மூலதனத்துக்கும் உரியதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அது. பொருளியலாளர் ரொபர்ட் சோலோ 1957இல் அமெரிக்காவுக்கு இப்படிக் கணக்குப் போட்டபோது, 1909 முதல் 1949 வரையான காலத்தில் ஒரு மணித்தியால உழைப்புக்கான உற்பத்தி வளர்ச்சியில் எட்டில் ஏழு பங்கு மிச்சமாக வந்தது. தொழில்நுட்ப மாற்றம் என்று அதற்குப் பெயர். அதற்கு ஒரு வருடம் முன்பே இன்னொரு பொருளியலாளர் மோசஸ் அப்ரமோவிட்ஸ் இந்த மிச்சத்தை நமது அறியாமையின் அளவு என்று சொல்லிவிட்டார். நம் பக்கத்துக்கு அப்ரமோவிட்ஸ்தான் பொருத்தம். 2011 வெள்ளத்தில் அந்த மிச்சம் சரிந்திருக்கும். அதற்காக விவசாயிகள் தொழிலை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தமா? மழை, பாதி நாள் ஓடாத ஆலை, தப்பாக எண்ணிய ஆள், எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் விழுகின்றன. மாகாண மட்டத்தில் கணக்குப் போட நினைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: மத்திய வங்கியின் மாகாண உள்நாட்டு உற்பத்தி, தேசியக் கணக்கைக் குறிகாட்டிகள் மூலம் பகிர்ந்து பெறுவது. பங்கிட்டு வந்த எண்ணிலிருந்து கிழக்கின் தனித்த தொழில்நுட்ப வேகத்தைக் கறக்க முயன்றால், பங்கிடப் பயன்பட்ட குறிகாட்டிதான் திரும்பக் கிடைக்கும்.

சரி, புத்தாக்கத்தை நேராகவே எண்ணுவோம் என்று காப்புரிமைகளையும் ஆராய்ச்சிச் செலவையும் எடுக்கிறவர்கள் உண்டு. இலங்கை முழுவதும் சேர்த்தே ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் போவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மருதமுனைக்குப் போனால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கைத்தறிக்காரர் புதிய நூலுக்கு மாறியிருப்பார், துணியின் கரையில் சிக்கலான வடிவம் போடப் பழகியிருப்பார், மொத்த வியாபாரியை விட்டுவிட்டு வட்ஸ்அப்பில் விற்றுக்கொண்டிருப்பார். வடிவம் சிக்கலானதால் நாளொன்றுக்கு நெய்யும் மீற்றர் குறைந்திருக்கும். மீற்றரில் அளக்கிறவர் உற்பத்தித்திறன் விழுந்தது என்று எழுதுவார். ரகம் பிரித்து, ஒரே ரகத்தை ஒரே ரகத்தோடு ஒப்பிட்டால்தான் நியாயம்.

புத்தாக்க அளவீட்டுக்கு உலகம் பயன்படுத்துகிற ஒஸ்லோ கையேடு 1992இல் முதலில் வந்தபோது உற்பத்திப் பொருளையும் உற்பத்தி முறையையும்தான் பார்த்தது. 2005 பதிப்பில் விற்பனை முறையும் நிர்வாக ஒழுங்கும் சேர்ந்தன, வளரும் நாடுகளுக்கென்று ஒரு பின்னிணைப்பும் வந்தது. உலகத்துக்குப் புதிதாக இருக்கத் தேவையில்லை, அந்த நிறுவனத்துக்குப் புதிதென்றால் போதும் என்பது அதன் விதி.

ஒழுங்கு மாறுவதால் வரும் லாபத்துக்கு அம்பாறையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில், தலைப்பகுதி வயல்களுக்குத் தண்ணீர் தாராளம், வால்பகுதிக்குத் தட்டுப்பாடு. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து விவசாயிகளை வாய்க்கால் வாரியாக அமைப்பாக்கின. தாங்களே வாய்க்கால் துப்புரவு செய்தார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள், மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். மேலே பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், வால்பக்கம் தமிழர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை எடுக்க அதில் ஒன்றுமில்லை. அளக்கிறவருக்கு இங்கேயும் பொறி உண்டு: அதே காலத்தில் வாய்க்கால்களைத் திருத்தும் வேலையும் நடந்தது. லாபம் சீமெந்துக்கா, அமைப்புக்கா? 1997 சிறுபோகம் அதற்கு ஓரளவு பதில் தந்தது. நீர்த்தேக்கத்தில் தண்ணீர் போதாது, கொஞ்சப் பரப்பில் மட்டும் விதையுங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, அமைப்புகள் தண்ணீரைப் பகிர்ந்து அதைவிடப் பல மடங்கு பரப்பில் விதைத்து நல்ல விளைச்சல் எடுத்தன. சீமெந்து அந்த வருடம் புதிதாக வரவில்லை.

கள ஆய்வில் இதையெல்லாம் பிடிக்க வேண்டுமென்றால் "புத்தாக்கம் ஏதாவது செய்தீர்களா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். கடந்த மூன்று போகத்தில் விதை, தண்ணீர் முறை, ஆள் பிடிக்கிற விதம், விற்கிற இடம், கடன் வாங்குகிற வழி ஆகியவற்றில் எது மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்த மாற்றம் எங்கிருந்து வந்தது, பிறகு கைவிட்டார்களா என்பதையும் எழுதுங்கள். தொழிலை மூடிவிட்டவர்களையும் தேடிப் போக வேண்டும். இன்று பதிவேட்டில் உயிரோடு இருக்கிற கடைகளையும் தறிகளையும் மட்டும் பார்த்தால் எல்லா மாற்றமும் பலித்ததுபோல் தோன்றும். வீட்டுத்தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு எழும்பிவிடாதீர்கள். தயிர்ச்சட்டியை எந்தக் கடைக்குப் போடுவது என்று முடிவெடுத்தவர் பெரும்பாலும் உள்ளே அடுப்படியில் இருப்பார்.