திருகோணமலையில் குறைந்த வாடகைக்கு நல்ல விடுதி பிடிப்பது எப்படி

முதலில் எந்தப் பக்கம் தங்குவது என்று முடிவெடுங்கள். திருகோணமலையில் குறைந்த வாடகை விடுதிகள் மூன்று பக்கமாக இருக்கின்றன. நகரத்துக்குள் டைக் வீதி, உட்துறைமுக வீதி, உவர்மலை. வடக்கே நாலைந்து கிலோமீற்றரில் அலஸ்தோட்டமும் உப்புவெளியும். அதையும் தாண்டி ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் போனால் நிலாவெளி. கோணேசர் கோயிலுக்கு விடியற்காலையில் போக நினைக்கிறவர்கள் நகரத்துக்குள் தங்குவதே சரி. வெயில் ஏறுமுன், கோயில் இருக்கும் கோட்டையின் வாசலுக்கு நடந்தே போய்விடலாம். கடலில் குளிக்கவென்று பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு உப்புவெளி. நிலாவெளியில் இருந்தால் புறாமலைத் தீவுக்குப் படகேறுவது சுலபம். ஆனால் இராச்சாப்பாட்டுக்கும் கோயிலுக்கும் ஒவ்வொரு தடவையும் ஓட்டோ பிடிக்க வேண்டிவரும். வாடகையில் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். பகலில் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் எல்லாம் உப்புவெளி வழியாகத்தான் ஓடும். ஆகவே நிலாவெளி வீதிக்குக் கிட்ட உள்ள வீடாகப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் சிலது முழுக்க மணல், சில்லு வைத்த பையை அதில் இழுக்க முடியாது.

காலமும் வாடகையும் ஒன்றோடொன்று போகும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் கடல் அமைதி, வாடகை உச்சம், அதிலும் ஆகஸ்ட் பாடசாலை விடுமுறை மோசம். பௌர்ணமி விடுமுறையான போயா நாள் வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் அந்த வார இறுதியில் கொழும்பே இங்கே இறங்கிவிடும். மாசியில் சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களிலும் பங்குனி, சித்திரைத் திருவிழா நாட்களிலும் நகரத்துக்குள் அறை கிடைப்பது கஷ்டம். கார்த்திகை, மார்கழியில் வாடகை நன்றாக இறங்கும். மழையும் வாடைக்காற்றும் இருக்கும் அந்த நேரம் கடல் இழுக்கும், இறங்கக் கூடாது. கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் போதும் என்பவர்களுக்கு அது நல்ல காலம்தான்.

அறையைப் பற்றிக் கேட்கும்போது ‘ஏசி இருக்கா’ என்பதை எல்லோரும் கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது கூரை என்ன, எத்தனையாவது மாடி என்பது. கொங்கிறீட் பிளாட்டுக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி அறை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, இரவு பன்னிரண்டு மணிவரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று வேறு அடிக்கும். காற்றுத்தான், ஆனால் சூடான காற்று. மேற்குச் சுவர் உள்ள அறையில் பின்னேரம் கட்டிலின் சட்டமே கையைச் சுடும். அதே வீட்டில் கீழ்த்தளத்தில், கிழக்கே யன்னல் உள்ள அறை வெறும் ஃபானோடு நிம்மதியாக உறங்கத் தரும். பின்னேரங்களில் கடற்காற்று அந்தப் பக்கத்தால்தான் வரும். ஓட்டுக்கூரை வீடு கிடைத்தால் விடாதீர்கள். எதிரெதிரே இரண்டு யன்னல் இருந்தால் இன்னும் நல்லது.

ஏசி அறைதான் வேண்டுமென்றால், காசு கொடுக்கமுன் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். காற்று மட்டும் வந்து குளிர் வராவிட்டால் அநேகமாகக் காஸ் போயிருக்கும், அன்றைக்கே திருத்துவார்கள் என்று நம்பாதீர்கள். உள்யூனிற்றிலிருந்து தண்ணீர் சொட்டினால் அநேகமாக வடிகுழாய் அடைத்திருக்கும். அது கட்டிலுக்கு மேலே என்றால் வேறு அறை கேளுங்கள். பகலிலும் போடலாமா, இரவுக்கு மட்டுமா, கரண்ட் பில் தனியா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். சிறு விடுதிகளில் வரும் சண்டையில் பாதி இதில்தான்.

அடுத்தது தண்ணீர். நகரத்துக் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வருவது, நல்ல தண்ணீர். கடற்கரையை ஒட்டிய வீடுகள் பல கிணற்று நீரை மோட்டர் போட்டு டாங்கிக்கு ஏற்றுகின்றன. கடலுக்குக் கிட்டப் போகப்போக அது உப்புக் கரித்துச் சவராகும். சோதிப்பது சுலபம்: குழாயைத் திறந்து கையில் சவர்க்காரம் போட்டுப் பாருங்கள். நுரை வராமல் கை பிசுபிசுத்தால் சவர்த் தண்ணீர். ஷவரின் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் படிவு இருந்தாலும் அநேகமாக அதேதான். ஓரிரு நாள் குளிக்க ஒன்றும் ஆகாது, தலைமயிர் மட்டும் முறுகும். குடிக்க ஐந்து லீற்றர் போத்தல் ஒன்றை வழியிலேயே வாங்கி வாருங்கள். சுடுதண்ணீர் உண்டு என்று சொல்லிக் கூடுதல் வாடகை கேட்கும் அறைக்கு இந்த ஊரில் காசு கொடுக்கத் தேவையே இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு மொட்டைமாடி டாங்கியிலிருந்து வரும் தண்ணீரைக் குளிரவைக்கத்தான் வழி தேட வேண்டியிருக்கும். மார்கழி, தை விடியற்காலைகளில் மட்டும், குழந்தை இருந்தால், ஒரு கேத்தில் சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பையை அறைக்குள் வைக்கமுன் மெத்தையைப் பாருங்கள். ஒரு மூலையில் பெட்சீற்றைத் தூக்கி, போன் வெளிச்சத்தை மெத்தையின் தையல் ஓரத்தில் பிடியுங்கள். பேனை முனையால் தொட்டுத்தொட்டு வைத்தது போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி உண்டு. மருந்தடித்துத் தருகிறோம் என்றாலும் அந்த அறை வேண்டாம், வீட்டுக்குத் திரும்பும்போது பையோடு கூட வந்துவிடும். தலையணை உறையை மோந்து பாருங்கள். மழைக்காலத்தில் சரியாகக் காயாத துணியின் வாசம் உடனே தெரியும்.

நுளம்பு வலையில் ஓட்டை இல்லாமலும், அது மெத்தைக்குக் கீழே செருகும் அளவு நீளமாகவும் இருக்கவேண்டும். மேலே சுழலும் ஃபான் வலைக்குள் அவ்வளவாகக் காற்றுத் தராது, பக்கத்தில் வைக்கும் ஃபான் ஒன்று கேளுங்கள். மாலை ஐந்தரைக்கு யன்னலைச் சாத்தி ஏழரைக்குத் திறந்தால் நுளம்பு உள்ளே வருவது பெருமளவு குறையும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்கள் போன மாவட்டம் இது. முற்றத்தில் பூச்சாடித் தட்டிலோ சிரட்டையிலோ தண்ணீர் தேங்கி நின்றால் வீட்டுக்காரரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

பதிவு செய்யும்போது இணையத் தளத்தில் இடத்தைக் கண்டுபிடித்தாலும் ஒருமுறை நேரே போன் பண்ணிப் பேசுங்கள். தளத்துக்குப் போகும் கமிஷன் இல்லாததால் பலர் குறைத்துத் தருவார்கள். ‘அண்ணை, கீழ்த்தள அறையை இப்ப ஒரு வீடியோ எடுத்து அனுப்புவீங்களா?’ என்று கேட்டால், ஒழுங்கான இடம் என்றால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். தளத்தில் போட்டிருக்கும் கடல் படம் அறையின் யன்னலால் எடுத்ததா, ஒழுங்கை முடிவில் நின்று எடுத்ததா என்பதும் அதில் தெளியும். முழு வாடகையையும் முன்னுக்கு அனுப்ப வேண்டாம், ஒரு நாள் முற்பணம் போதும். வரிகளும் சேவைக் கட்டணமும் சேர்ந்த தொகையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். லொக்கேஷனையும் வாட்ஸ்அப்பில் எடுங்கள். உப்புவெளி ஒழுங்கைகளில் வரைபடப் புள்ளி பிழைத்துப் போவது சாதாரணம்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தால் இறங்குவது அதிகாலை. அறை கிடைப்பதோ மத்தியானத்துக்குப் பிறகு. பையை வைத்து முகம் கழுவ இடம் தருவார்களா என்று முதல்நாளே கேளுங்கள், அநேகமாகத் தருவார்கள். தேசிய அடையாள அட்டையும் அதன் இரண்டு பிரதிகளும் கையில் இருக்கட்டும், பெரியவர்கள் எல்லோரிடமும் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டைக் காட்டிப் பிரதி கொடுத்தால் போதும், அசலை விட்டுவிட்டு வரக் கூடாது. பழைய வீடுகளில் பிளக் பொயின்ற் உருண்டை மூன்று கால், புதியவற்றில் சதுர மூன்று கால். இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்று போதும்.

இந்த ஊரில் குறைந்த வாடகை விடுதி என்றால் பெரும்பாலும் ஒரு குடும்பம் இருக்கும் வீடுதான், அதன் அழகும் அதில்தான். தனியாக வரும் பெண்களும் வயதானவர்களோடு வருகிறவர்களும் இப்படியான வீட்டையே தேடவேண்டும். செருப்பு வாசலில். கடலால் வந்தால் முற்றத்துக் குழாயில் காலைக் கழுவி, ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போங்கள். குளியலறை வடிகால் அடைப்பது மணலால்தான். சில வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை, மது குடிப்பதற்கும் இடமில்லை. பதிவு செய்யும்போதே கேட்டால் இருபக்கமும் சங்கடமில்லை. இரவு எத்தனை மணிக்குப் படலை பூட்டுவார்கள், பிந்தி வந்தால் திறப்புத் தருவார்களா என்பதும் அப்படியே.

சாப்பாடு வீட்டில் வேண்டுமென்றால் முதல்நாள் இரவே எத்தனை பேர் என்று சொல்லுங்கள். இடியப்பத்துக்கு மா குழைப்பதும் காலையில் மீன் வாங்குவதும் அந்தக் கணக்கில்தான். கரைவலை இழுக்கிற காலத்தில் உப்புவெளியில் தங்கினால், கரைக்குப் போய் நீங்களே மீன் வாங்கிக் கொடுத்துச் சமைக்கக் கூலி பேசலாம். கடையில் சாப்பிடுவதைவிட மலிவு, ருசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழம், பாண் பையோடு கோட்டைப் பக்கம் நடக்காதீர்கள். அங்கே திரியும் மான்கள் பையோடு இழுத்துத் தின்னும், பொலித்தீன் வயிற்றுக்குள் போனால் அவை செத்துப்போகும்.

விடியற்காலை பஸ் என்றால் முதல்நாள் இரவே கணக்கை முடித்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஓட்டோவையும் வீட்டுக்காரரையே சொல்லிவைக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தவர் என்றால் நேரத்துக்கு வருவார், கூலியும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.