மருத்துவ மாணவருக்கு ஆய்வுக் கட்டுரை வாசிக்கக் கற்றுத்தருவது எப்படி

கட்டுரையைக் கையில் கொடுத்தால் மாணவர் முதலில் சுருக்கத்தைப் படிப்பார், அடுத்து நேரே முடிவுரைக்குப் போய்விடுவார். அதன்பிறகு அட்டவணையைப் பார்த்தாலும் கட்டுரையாளர் சொன்னதுதான் கண்ணில் படும். ஆகவே அச்செடுக்கும்போதே சுருக்கத்தையும் கலந்துரையாடல் பகுதியையும் நீக்கித் தனியே எடுத்துவையுங்கள். அறிமுகத்தின் கடைசிப் பத்தி, ஆய்வுமுறை, அட்டவணைகள், படங்கள் போதும். முடிவை மாணவர்தாம் எழுத வேண்டும்; இந்தப் பயிற்சியின் உயிரே அதுதான்.

ஒரு குழுவுக்கு ஐந்தாறு பேர், ஒரு கட்டுரை, 90 நிமிடம். ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேச மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாடு வேண்டாம். அதில் கற்றுக்கொள்பவர் பேசுபவர் மட்டுமே.

முதல் கட்டுரையில் இரண்டு தரப்பும், இறந்தார் அல்லது பிழைத்தார் என்பதுபோல் தெளிவான விளைவும் இருக்கட்டும். ஹசார்டு ரேஷியோ (காலப்போக்கில் விளைவு நேரும் வேகத்தை இரு தரப்பிலும் ஒப்பிடும் எண்) உள்ள கட்டுரையை முதல் நாளே கொடுத்தால் கணக்கு புரியாமல் மிரண்டுபோவார்கள். 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஐசிஸ்-2 என்ற ஆய்வு இதற்கு மிகப் பொருத்தம். மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஆஸ்பிரின், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், இரண்டும், இரண்டுமில்லை என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. முதல் வகுப்புக்கு ஆஸ்பிரின் கணக்கு மட்டும் போதும்.

முதல் 15 நிமிடத்தில் ஆய்வின் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள்: யாருக்கு, என்ன கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவை, எவ்வளவு காலத்தில் பார்த்தார்கள்? காலத்தைப் பெரும்பாலானோர் விட்டுவிடுவார்கள். அடுத்த 25 நிமிடம் ஆய்வுமுறைக்கு. அடுத்த நோயாளி எந்தத் தரப்புக்குப் போவார் என்பதை, அவரை ஆய்வில் சேர்ப்பவரால் முன்கூட்டியே ஊகிக்க முடிந்ததா, பாதியில் விலகியவர்கள் எந்தக் கணக்கில் சேர்ந்தார்கள் என்ற இரண்டையும் கட்டுரையிலேயே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு 30 நிமிடம் கணக்கு. கையால் போட வேண்டும். ஐந்து வாரத்தில் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் தரப்பில் 8,587 பேரில் 804, போலி மாத்திரைத் தரப்பில் 8,600 பேரில் 1,016. அதாவது 9.4%, 11.8%. வித்தியாசம் 2.4 புள்ளி. 100ஐ அதனால் வகுத்தால், ஓர் உயிரைக் காக்கச் சுமார் 42 பேருக்கு ஆஸ்பிரின் தர வேண்டும் என்று வரும். 2.4ஐ 11.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20% குறைவு. கட்டுரையிலோ 23% என்றிருக்கும். இங்கே அவசரப்பட்டு விளக்கிவிடாதீர்கள், திணறட்டும். கட்டுரை சொல்வது ஆட்ஸ் கணக்கு: இறந்தவரைப் பிழைத்தவரால் வகுத்து, 804/7,783ஐயும் 1,016/7,584ஐயும் ஒப்பிட்டால் அதே 23% கிடைக்கும். இதைத் தாமே கண்டுபிடித்த மாணவர் ஒப்பீட்டுச் சதவீதத்தை மட்டும் காட்டும் விளம்பரத்தைப் பார்த்தால், ‘மொத்தம் எத்தனை பேரில்?’ என்று கேட்பார்.

பி மதிப்பில் தவறாத வகுப்பே கிடையாது. பி 0.04 என்றால் மருந்து பயனற்றதாக இருக்க 4% வாய்ப்பு என்று எழுதுவார்கள். மருந்துக்கு விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வர 4% வாய்ப்பு என்பதே சரி. இரண்டையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

கடைசி 20 நிமிடத்தில் முடிவை மூன்று வரியில் எழுதவைத்து, எடுத்துவைத்த பக்கங்களைக் கொடுங்கள். நேரம் மிஞ்சினால் ஐசிஸ்-2இல் நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்துப் போட்ட கணக்கைக் காட்டுங்கள்: மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலனில்லாததுபோல் வந்தது. நோயாளிகளைக் கூறுகூறாகப் பிரித்தால் இப்படியும் வரும் என்று எச்சரிக்கவே கட்டுரையாளர்கள் அதைச் சேர்த்தார்கள்.

இரண்டு வகுப்புக்குப்பின் வேறொரு சிக்கல் வரும். எதைக் கொடுத்தாலும் ‘சாம்பிள் சைஸ் (ஆய்வில் சேர்ந்தவர் எண்ணிக்கை) போதாது’ என்று ஒதுக்கிவிடுவார்கள். குறை சொன்னவரிடமே கேளுங்கள்: இந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் இழுக்கும், பலனைக் கூட்டியா குறைத்தா காட்டும்? பதில் வராவிட்டால் அந்தக் குறையை எழுத வேண்டாம்.

அடுத்த கட்டுரையாக, காஸ்ட் என்ற ஆய்வைக் கொடுங்கள். மாரடைப்புக்குப்பின் வரும் கூடுதல் இதயத் துடிப்புகளை என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் அடக்கின; ஆனால் இறப்பு கூடியது, 1989இல் அவற்றை நிறுத்தினார்கள். ஈசிஜி சீரானாலே நோயாளி பிழைப்பார் என்ற எண்ணம் அதோடு போகும். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ் இதற்கெல்லாம் பிறகுதான். தனி ஆய்வின் தரத்தை எடைபோடத் தெரியாதவருக்கு அதன் இறுதி எண் மட்டுமே கண்ணில் படும்.