சிறையில் அடிபட்டவருக்காக மனு போடுமுன்: வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

கன்றிப்போன தோல் பத்துப் பதினைந்து நாளில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அதற்குள் காயம் காகிதத்தில் ஏறியாக வேண்டும். கோவை, சேலம் மத்திய சிறைகளில் இருப்பவர்களின் வீட்டார் இந்த நாட்களைத்தான் பெரும்பாலும் வீணடிக்கிறார்கள்.

மிகப் பெரிய தவறு டாக்டர் முன்னால் நடக்கிறது. அடித்த காவலரே பக்கத்தில் நிற்க, கைதி "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்பார். ஏ.ஆர். காப்பியில், அதாவது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலில், அதுவே பதிவாகும்; பின்னால் எந்த வக்கீல் வந்தாலும் எதிர்த்தரப்பு அந்தத் தாளைத்தான் நீட்டும். அப்படிச் சொல்லிவிட்டிருந்தால் அடுத்த வாய்தாவில், வீடியோ வழியாக இருந்தாலும், மாஜிஸ்திரேட்டிடம் உண்மையைச் சொல்லி அரசு மருத்துவமனைப் பரிசோதனை கேட்க வேண்டும். வாயால் சொன்னது பதிவாகாமல் போகலாம். வக்கீல் அன்றைக்கே கோர்ட்டில் மெமோவும் (எழுத்துக் குறிப்பு) போடட்டும். பரிசோதனைக் குறிப்பில் "உடல் வலி" என்றிருந்தால் பயனில்லை, "இடது தோள்பட்டைக்குக் கீழே 8 செ.மீ. நீளக் கன்றல், நீல நிறம்" என்பதுபோல் இடம், அளவு, நிறம் மூன்றும் வேண்டும்.

"அதிகாரிகள் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று மொட்டையாக எழுதிய மனு நிற்காது. தேதி, நேரம், பிளாக், அறை எண், யார், எதனால் அடித்தார், யார் பார்த்தார் என எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் எந்த ஷிப்ட், ஆள் எப்படி இருப்பார் என்பது போதும். சிசிடிவி பதிவு நாளாக ஆக அழிந்துவிடும். எந்த இடத்துக் கேமரா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறித்து, பதிவைப் பாதுகாக்கச் சொல்லிக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். நகல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் போகட்டும். காவலில் உள்ளவருக்கு அங்கே வக்கீல் இலவசம், அழைக்க 15100.

"வெளியே வந்து பாத்துக்கலாம்" என்பது ஆபத்து. மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். சாதாரணக் காயக் குற்றத்துக்கும் காலவரம்பு ஓராண்டுதான். மாநில ஆணையம், தேசிய ஆணையம் இரண்டிலும் ஒரே புகாரைப் போடாதீர்கள். மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது.

கரூர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. அவர்கள் மாவட்டம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் கீழ் வந்தாலும், அடி விழுந்தது கோவை சிறையில் என்றால் ரிட் மனு (அதிகாரிகளுக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடுவது) சென்னைக்குப் போக வேண்டும்.

கைதியே கையெழுத்துப் போட வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சுனில் பத்ரா வழக்கில், திகார் சிறையில் வார்டரிடம் சித்திரவதைப்பட்ட ஒருவருக்காகச் சக கைதி எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது.

பயத்தில் "வேறு சிறைக்கு மாற்றுங்கள்" என்று உடனே கேட்டுவிடாதீர்கள். தூரச் சிறைக்கு அனுப்பிவிட்டால் வாரா வாரம் சந்திப்பு மனு போட்டுக் கைதியைப் பார்ப்பதும் போய்விடும், சாட்சிகளும் இங்கேயே தங்கிவிடுவார்கள். அந்தக் காவலரை அந்த பிளாக் பணியிலிருந்து விலக்கச் சொல்லிக் கேளுங்கள்.