இலையுதிர் காலக் கடலில் ஃப்ளையும் லூரும்: முதன்முறை தூண்டில் போடுபவர்களுக்கு

லூர் என்ற எடையுள்ள போலி இரையோடோ, ஃப்ளை என்ற இறகு கட்டிய முள்ளோடோ கடல் தூண்டிலுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு தூரம் எறிய வேண்டும் என்பதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு விடியலில் இடுப்பளவு நீரில் நின்று, அடிவானத்தைப் பார்த்து மூச்சு வாங்க எறிந்துகொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால், முழங்கால் ஆழத்தில், சின்ன மீன்கள் சிதறித் தெறித்துக்கொண்டிருந்தன. அவற்றைத் துரத்தி வந்த பெரிய மீன் எனக்கும் கரைக்கும் நடுவில் இருந்தது!

இலையுதிர் காலத்தில் குளிர் கூடக் கூட, கழிமுகங்களின் ஆழமற்ற நீர் திறந்த கடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும். கோடை முழுவதும் அங்கே வளர்ந்த குஞ்சு மீன்கள் கூட்டம் கூட்டமாக முகத்துவாரம் வழியே வெளியேறும். குளிர்காலத்துக்கு முன் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய பெரிய மீன்கள் அந்த வழியிலேயே காத்திருக்கும். வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன்கள் தெற்கு நோக்கி நகர்வது இந்தக் காலத்தில்தான்.

படி 1: கோலைத் தொடாமல் நீரைப் பாருங்கள்

முதல் அரை மணி நேரம் கரையில் நில்லுங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பெரும்பாலான கரைகளில் ஒரு கடல் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் இருக்கும். அதனால் இன்று நன்றாக ஓடிய நீர், நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக ஓடும். ஏற்றத்தின் உச்சியிலும் வற்றத்தின் அடியிலும் நீர் அசையாமல் நிற்கும் நேரம் பெரும்பாலும் வீண். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில்தான் நீர் வேகமாக ஓடும். முகத்துவாரத்தில் நிற்பதானால் வற்று நீரை, அதாவது நீர் கடலை நோக்கி இறங்கும் நேரத்தை, தேர்ந்தெடுங்கள். அது இரையை மீனின் வாய்க்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது.

பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டுப் பாய்கின்றனவா? சுற்றிலும் அமைதியாக இருக்க, நீரில் ஒரு பகுதி மட்டும் நடுங்குகிறதா? நீரோட்டம் பாறையையோ மணல் திட்டையோ சுற்றித் திரும்பும் இடம் எது? முதல் எறிதல் அங்கே போகட்டும். போலரைஸ்ட் கண்ணாடி நீரின் பளபளப்பை வெட்டிவிடும். பறந்து வரும் தூண்டில் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும்.

படி 2: லூரா, ஃப்ளையா?

லூரில் போலி இரையின் எடை தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை என்பது முள்ளில் இறகும் மயிரும் கட்டிய, ஏறக்குறைய எடையே இல்லாத பொருள். அதனால் அங்கே தடித்த நரம்புதான் எடை. நரம்பு பறக்கிறது, ஃப்ளை பின்னால் போகிறது. இது மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் சில நாட்கள் லூரோடு போங்கள் என்பதே என் கருத்து. காற்று அடித்தாலும் சமாளிக்கலாம். 8 அல்லது 9 அடிக் கோல், 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் (நரம்பைச் சுற்றி வைக்கும் கருவி), 20 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு, நுனியில் சற்றே தடித்த ஃப்ளூரோகார்பன் லீடர் (நரம்புக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் துண்டு). இதில் 15 முதல் 30 கிராம் வரையிலான லூர்களை வசதியாக எறியலாம்.

ஃப்ளைக்கு 9 அடி நீளமுள்ள 9 எண் கோல், அதே எண் நரம்பு (எண் என்பது நரம்பின் எடையைக் குறிக்கிறது). மெதுவாக அமிழும் இன்டர்மீடியட் வகை நரம்பு அலைக்குக் கீழே போவதால் பிடி தளராது. ப்ளூஃபிஷ் போன்ற கூர்ப்பல் மீன்கள் உலவும் இடமானால் நுனியில் குட்டையாக உலோகக் கம்பி கட்டாயம்.

படி 3: பெட்டியில் எதை வைப்பது

நீரில் எந்த அளவு குஞ்சு ஓடுகிறதோ அதே அளவு போலி இரை. நிறத்தைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான். லூரில் ஓர் உலோக ஜிக் (துள்ளவைத்து இழுக்கும் கனமான போலி மீன்), எடைத் தலை மாட்டிய ஒரு மென் பிளாஸ்டிக் மீன், மேல்நீரில் துள்ளும் ஒன்று போதும். ஃப்ளையில் சின்ன மீனைப் போலக் கட்டிய கிளவுசர் மின்னோ, டிசீவர் ஆகிய இரண்டும் போதும். கிளவுசரில் கட்டிய உலோகக் கண்கள் முள்ளைத் தலைகீழாகத் திருப்பிவிடும். இழுப்பை நிறுத்தினால் தலைகுப்புற இறங்கும். பல கடிகள் அந்த இறக்கத்தில்தான் கிடைக்கின்றன.

படி 4: எறிதல்

லூர் எறிவது ஒரு மணி நேரத்தில் கைவந்துவிடும். ஃப்ளைக்குப் பொறுமை தேவை. கரையில் ஒன்பது, பத்து மீட்டர் நரம்பை நேராகக் கிடத்துங்கள். கோலின் நுனியைத் தாழ்த்தித் தொடங்கி, வேகம் கூட்டிக்கொண்டே பின்னால் உயர்த்தி, காதுக்குச் சற்றுப் பின்னால் சட்டென்று நிறுத்துங்கள். பிறகு காத்திருங்கள். நரம்பு பின்னால் முழுதாக நீளும்வரை முன்னோக்கி அசைக்கக் கூடாது. அவசரப்பட்டால் சாட்டைபோல் சொடுக்கி ஃப்ளை அறுந்துபோகும். திரும்பிப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

எறியும் கையின் பக்கமிருந்து காற்று வந்தால் முள் உங்கள் காதை நோக்கி வரும். வேறு இடத்துக்கு மாறுங்கள். இழுத்த நரம்பைப் போட இடுப்பில் ஒரு கூடை கட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அலை அதை உங்கள் கால்களில் சுற்றிவிடும்.

படி 5: இழுத்தலும் குத்துதலும்

கோல் நுனி நீரைத் தொட்டபடி, நரம்புக்கு நேராக இருக்கட்டும். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். பிறகு வேகத்தை மாற்றிப் பாருங்கள். அடிபட்ட குஞ்சு ஒரே சீராக நீந்தாது.

ஃப்ளையில் மீன் கடித்ததும் கோலைத் தூக்கத் தோன்றும், தூக்காதீர்கள். நரம்பைக் கையால் நீளமாக, அழுத்தமாக இழுங்கள். முள் பதிந்த பிறகே கோல் எழ வேண்டும். தவறிப்போனாலும் ஃப்ளை மீனின் முன்னாலேயே இருக்கும், மறுபடி கடிக்கக்கூடும். எனக்கு இந்தப் பழக்கம் வர இரண்டு பருவங்கள் ஆயின.

படி 6: மீனும் நீங்களும்

முள்ளின் எதிர்ச்செதிளை, அதாவது நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்ன முனையை, முன்பே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனிலிருந்தும் விரலிலிருந்தும் எளிதாக வெளிவரும். விடப்போகும் மீனை ஈரக் கையால், நீருக்குள்ளேயே பிடித்து விடுவியுங்கள். அளவு, எண்ணிக்கை, தடைக்காலம் பற்றிய விதிகளைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஏறு நீரில் மணல் திட்டின் நுனிக்குப் போகாதீர்கள். முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வழி மூழ்கிவிடும். இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு வெளியேறுங்கள், கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும்.

வீடு திரும்பியதும் கோல், ரீல், லூர் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பயன்படுத்திய ஃப்ளைகளை முழுக்க உலர்த்தாமல் பெட்டியில் போடாதீர்கள். ஈரமான ஒன்று அருகிலிருக்கும் மற்ற முட்களையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.